‘அப்பாரு தோட்டம்’ குழுவில் கொறங்காட்டுப் பேச்சு

வியாழன், மாலை 6:40

கோயமுத்தூர் சித்தப்பா: எல்லோருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு சோலார் கம்பெனிக்காரர்கள் நம் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைப் பார்க்க வருகிறார்கள். 12 ஏக்கரும் ஒரே கண்டமாக வேண்டுமாம். 25 வருஷக் குத்தகை. வாடகை எவ்வளவு என்று நேரில் சொல்கிறேன். கூட்டுப் பட்டாவாக இருப்பதால் எல்லோருடைய கையெழுத்தும் வேண்டும். ஆதார் நகல் எடுத்து வையுங்கள்.

திருப்பூர் அண்ணன்: 👍

வெள்ளகோவில் அத்தை: ஞாயிற்றுக்கிழமையா?

வெள்ளகோவில் அத்தை: அன்றைக்குத்தானே பேரனுக்குக் காது குத்து. வீடு வீடாக வந்து பத்திரிகை வைத்தேனே தம்பி.

கோயமுத்தூர் சித்தி: நங்கையா, அது அடுத்த ஞாயிறு இல்லையா? காலண்டரில் அப்படித்தான் குறித்து வைத்திருக்கிறேன்.

வெள்ளகோவில் அத்தை: இந்த ஞாயிறுதான். கோயிலில் ஒன்பது மணிக்கு. மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவன் திருப்பூரிலிருந்து வெள்ளென வந்துவிட வேண்டும்.

திருப்பூர் அண்ணன்: வந்துவிடுவேன் அத்தை

பெரியம்மா: பித்தளை அண்டா யாரிடம் இருக்கிறது? காது குத்துக்குக் கேட்கிறார்கள். பொங்கலுக்கு யாரோ எடுத்துப் போனீர்கள்.

கோயமுத்தூர் சித்தப்பா: அண்டாவை அப்புறம் பார்க்கலாம். முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள்.

நான்: சித்தப்பா, கையெழுத்துக்கு முன்னால் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்பிய தாளில் அந்த நிலத்துக்கு நேராகத் ‘தரிசு’ என்று போட்டிருக்கிறார்கள். அது தரிசு இல்லைங்க. நம் பக்கம் வருஷத்து மழை 600 மில்லிமீட்டரைச் சுற்றித்தான். ஆனியும் ஆடியும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிவிடும். பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு) பாசனத் தண்ணீர் நான்கு மண்டலமாக முறை வைத்து வருகிறது, அதிலும் இந்த மேட்டுக்குப் பங்கு கிடையாது. இப்படிப்பட்ட இடத்தில் தண்ணீர் பாய்ச்சாமல், உரம் வாங்காமல், ஆட்டுக்கும் மாட்டுக்கும் வருஷா வருஷம் மேவு தருகிற ஒரு ஏற்பாட்டை நம் முன்னோர் மூன்றே மூன்றை வைத்துச் செய்தார்கள். தரையில் கொழுக்கட்டைப் புல், அதற்கு மேலே வெள்வேலமரம், சுற்றிலும் முள்ளுக்கிளுவை வேலி. வேலமரம் அவரைக் குடும்பம். அதன் வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியா காற்றிலிருக்கும் நைட்ரஜனை மண்ணுக்குக் கொண்டு வருகிறது. அதைப் புல் எடுத்துக்கொள்கிறது, புல்லை ஆடு மேய்கிறது, புழுக்கை திரும்ப மண்ணுக்குப் போகிறது. புல் காய்ந்து கிடக்கிற சித்திரை வைகாசியில்தான் வேலங்காய் பழுத்து உதிரும். ஆடு அதைத் தின்று புழுக்கையோடு விதையைப் போட்டு அடுத்த மரத்தையும் முளைக்க வைக்கும். இதில் எதை எடுத்தாலும் மற்றது நிற்காது. காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் பக்கம் காங்கேயம் மாடும் மேச்சேரி ஆடும் இத்தனை காலம் நிலைத்ததற்குக் கொறங்காடுதான் காரணம்.

திருப்பூர் அண்ணன்: லோடு ஏற்றிக்கொண்டிருக்கிறேன் அம்மணி. ராத்திரி படிக்கிறேன்

வெள்ளகோவில் அத்தை: நன்றாகச் சொன்னாய் அம்மணி. எனக்குச் சீராகக் கொடுத்த காளை ஜோடி அந்தக் காட்டில் மேய்ந்து வளர்ந்ததுதான்.

வெள்ளகோவில் மாமா: பூச்சிக்காளை, பொலிக்கு விடுகிற ஜாதி. கண்ணபுரம் சந்தையில் நிறுத்தினால் கூட்டம் கூடும்.

கோயமுத்தூர் சித்தப்பா: இப்போது காளை எங்கே இருக்கிறது மாமா? கட்டுத்தரையில் இரண்டு எருமைதான் நிற்கிறது.

வெள்ளகோவில் மாமா: அதுவும் சரிதான்

பெங்களூர் தம்பி: அக்கா ஒரு கேள்வி. சோலார் நல்லதுதானே? கரி எரிப்பதற்குப் பதில் வெயிலில் கரண்ட் எடுத்தால் பருவநிலைக்கும் நல்லது என்று நீதானே சொல்வாய்.

நான்: நல்லதுதான் தம்பி. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. ஒரு மெகாவாட்டுக்கு நான்கைந்து ஏக்கர் வேண்டும். அண்ணனுடைய பனியன் கம்பெனிக் கூரையும் மாமாவின் தறி ஷெட் கூரையும் காலையிலிருந்து பொழுது சாயும்வரை வெயிலில் காய்கின்றன. அங்கே ஒரு புல் கூட முளைக்காது, ஒரு மரமும் வெட்ட வேண்டாம். கொறங்காட்டில் வைத்தால் நிழல் விழும் என்று முதல் நாளே வேலமரம் அத்தனையும் போகும். ஜேசிபி விட்டுச் சமன் செய்வார்கள்.

வெள்ளகோவில் மாமா: தறி ஷெட் என்றதும் ஞாபகம் வந்தது. இந்தத் தடவை கரண்ட் பில்லைப் பார்த்து எனக்குத் தலை சுற்றிவிட்டது. கூரையில் போட என்ன செலவாகும் அம்மணி?

திருப்பூர் அண்ணன்: மாமா எனக்கும் அதைக் கேட்டுச் சொல்லுங்க

கோயமுத்தூர் சித்தப்பா: பேச்சை மாற்றாதீர்கள்.

பெரியம்மா: அண்டா

வியாழன், இரவு 9:15

பெரியப்பா: (குரல் பதிவு 2:14)

வெள்ளகோவில் அத்தை: அண்ணா, மண்டபத்துக்காரரோடு பேசிக்கொண்டிருக்கிறேன், கேட்க முடியவில்லை. எழுத்தில் போடச் சொல்லுங்க நங்கையா.

பெரியம்மா: அவர் சொல்கிறார். போன மாதம் தெருநாய் புகுந்து ஏழு ஆட்டைக் கடித்துப் போட்டது, மூன்று சினை ஆடு. இட்டேரிப் பாதைப் பக்கம் கிளுவை பட்டுப்போய் ஒரு வண்டி நுழைகிற அளவுக்குச் சந்து விழுந்திருக்கிறது. முள் வெட்டிப் போட்டால் ஒரு மாதம் தாங்கும், அப்புறம் கரையான் தின்றுவிடும். எனக்கு 71 வயது. முட்டி வலி. ஆள் கூப்பிட்டால் வருவதில்லை. நான் கண்ணை மூடும்வரை வைத்திருக்க எனக்கும் ஆசைதான். ஆனால் என்னால் இனி வேலி கட்ட முடியாது. கொடுப்பதென்றால் கொடுத்துவிடுங்கள்.

பெரியம்மா: இவ்வளவுதான் சொன்னார். அப்புறம் எழுந்து வெளியே போய்விட்டார்.

கோயமுத்தூர் சித்தப்பா: அண்ணனே சொல்லியாயிற்று.

வெள்ளகோவில் அத்தை: அண்ணன் முடியவில்லை என்கிறார் தம்பி. கொடு என்று சொல்லவில்லை.

வெள்ளகோவில் அத்தை: கிணற்றுப் பாகம் பிரித்தபோது ஒரு தாளை நீட்டினீர்கள். கைக்குழந்தையோடு நின்றிருந்தேன், என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க விடவில்லை. இந்தத் தடவை வரி வரியாகப் படிக்காமல் கை வைக்க மாட்டேன்.

கோயமுத்தூர் சித்தி: அதை ஏன் இப்போது எடுக்கிறீர்கள்

(இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

அம்மா: எல்லோரும் சாப்பிட்டு முடித்துவிட்டு நிதானமாகப் பேசுங்கள்.

நான்: பெரியப்பா, நீங்கள் சொன்னதை இரண்டு தடவை கேட்டேன். மே மாத லீவில் வந்திருந்தபோது வேலிச் சந்தைப் பார்த்தும் நான் ஒன்றும் செய்யாமல் ஊருக்குத் திரும்பியது தப்பு. அன்றைக்கு நீங்கள் ஒரு புல் தூரைப் பிடுங்கிக் காட்டினீர்களே, அதை இங்கே எல்லோருக்கும் சொல்கிறேன். மேலே முழுக்க வைக்கோல் நிறம். நகத்தால் அடித்தூரைக் கீறினால் சின்ன வெங்காயம் போலத் திரண்டு, உள்ளே பச்சை. அந்தத் தூரில்தான் புல் அடுத்த மழைவரை சாப்பாடு சேர்த்து வைக்கிறது. ஒரு மழை விழுந்து நாலாம் நாள் பார்த்தால் அந்த இடம் பச்சையாக இருக்கும். ஜேசிபி பல் முதலில் பிய்த்துப் போடுவது அந்தத் தூரைத்தான். 25 வருஷம் கழித்து நிலத்தைத் திருப்பித் தருவார்கள். தூரையும் மரத்தையும் யார் திருப்பித் தருவார்கள்?

நான்: இன்னொன்று, தண்ணீர்க் கணக்கு. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் சுமார் 4,000 லிட்டர். 25 மில்லிமீட்டர் உழவு மழை ஒன்று பெய்தால் ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டர், 12 ஏக்கருக்கு 12 லட்சம் லிட்டர். புல் தூர் அந்த ஓட்டத்தைத் தடுத்துத் தடுத்து மண்ணுக்குள் விடுகிறது. நமக்குக் கீழே முழுக்கப் பாறை. மேலே உக்கின மண்ணிலும் பாறை வெடிப்பிலும் இருக்கிறதுதான் கிணற்றுத் தண்ணீர். கொறங்காடு மேட்டில் இருக்கிறது, கிணறு பள்ளத்தில். திருச்செங்கோட்டு வண்டியைக் கூப்பிட்டு ஆயிரம் அடி போட்டவர்கள் நம் ஊரிலேயே தண்ணீர் வராமல் பாறைத் தூள் புகையாகப் பறப்பதைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள். மேட்டில் மண்ணை இறுக்கிவிட்டால் மழை ஓடையோடு போய்விடும், கிணற்றுக்கு வராது.

திருப்பூர் அண்ணன்: 12 லட்சமா?

பெங்களூர் தம்பி: கணக்கு சரிதான் அண்ணா, போட்டுப் பார்த்தேன்

வெள்ளகோவில் மாமா: எங்கள் தோட்டத்தில் மூன்று போர் போட்டு மூன்றும் புகை. யாரும் அதைப் பேசுவதில்லை.

வெள்ளி, காலை 7:05

கோயமுத்தூர் சித்தப்பா: ராத்திரி தூங்கவில்லை. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பட்டறைக்கு வாங்கிய கடன் மார்கழிக்குள் கட்ட வேண்டும். அம்மணி சொல்வதெல்லாம் உண்மையாக இருக்கலாம். எனக்கு அந்த நிலத்திலிருந்து இதுவரை ஒரு ரூபாய் வரவில்லை. அண்ணன் ஆடு விற்றால் அண்ணனுக்கு. நான் கேட்டதும் இல்லை.

பெரியம்மா: கேட்டிருக்கலாமே

கோயமுத்தூர் சித்தப்பா: எப்படிக் கேட்பது அண்ணி

அம்மா: கடனைப் பற்றி முன்னாலேயே சொல்லியிருக்கலாம் கொழுந்தனாரே.

திருப்பூர் அண்ணன்: சித்தப்பா சாயங்காலம் கூப்பிடுகிறேன். குழுவில் வேண்டாம்

பெங்களூர் தம்பி: அப்பா, எனக்கே இப்போதுதான் தெரியும்.

பெங்களூர் தம்பி: அக்கா, வெளிநாட்டில் பேனலுக்குக் கீழேயே செம்மறி மேய விடுகிறார்கள் என்று படித்தேன். அதை இங்கே கேட்க முடியாதா?

நான்: கேட்கலாம் தம்பி, அது நடக்கிறதுதான். ஆனால் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். பேனல் ஆள் நடக்கிற உயரத்தில் இருக்க வேண்டும், தரையைச் சமன் செய்யக் கூடாது, களைக்கொல்லி அடிக்கக் கூடாது, ஆட்டுக்கு உள்ளே வழி விட வேண்டும். வேலமரத்துக்கு அப்போதும் இடம் இருக்காது. மேற்கே கல்லுக்காடு மூன்று ஏக்கர் இருக்கிறதே, சீமைக்கருவேலம் ஏறிக் கிடக்கிற பக்கம், அங்கே புல்லும் கிடையாது, வெள்வேலமும் கிடையாது. அதை மட்டும் கொடுப்பதென்றால் நான் முதல் கையெழுத்துப் போடுகிறேன்.

கோயமுத்தூர் சித்தப்பா: மூன்று ஏக்கருக்கு வரமாட்டார்கள் என்று நினைக்கிறேன். கேட்டுப் பார்க்கிறேன்.

வெள்ளகோவில் அத்தை: கேள் தம்பி. கேட்பதில் என்ன.

நான்: வேலி விஷயம். கிளுவைப் போத்து வெட்டி நட வேண்டிய நேரம் இதுதான், ஆடி மழைக்குள் வேர் பிடித்துவிடும். இட்டேரிச் சந்தில் நான் நடுகிறேன். தெற்கு வேலியில் நல்ல போத்து இருக்கிறது. ஞாயிறு காது குத்து முடிந்ததும் கடப்பாரையோடு தோட்டத்துக்கு வந்துவிடுகிறேன். போத்து உயர்கிற வரைக்கும் கம்பி வலை கட்ட வேண்டும், நாயைத் தடுக்க அது ஒன்றுதான் வழி. வலைச் செலவு என்னுடையது.

திருப்பூர் அண்ணன்: வலை நான் வாங்கி வருகிறேன். அளவு சொல்லு

பெங்களூர் தம்பி: சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறுகிறேன். பழக்கமில்லை, சொல்லிக் கொடுத்தால் நடுகிறேன்.

நான்: இந்த 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டு என்று ஐ.நா. சபை அறிவித்திருக்கிறது பெரியப்பா. உலகம் முழுக்க இப்படிப்பட்ட நிலங்களைத் தரிசு என்று எழுதித்தான் இழந்திருக்கிறார்கள்.

பெரியம்மா: படித்துக் காட்டினேன். ஐ.நா. சபை ஆடு மேய்க்க ஆள் அனுப்புமா என்று கேட்கிறார்.

வெள்ளகோவில் மாமா: மச்சான் கேட்பது நியாயம்

நான்: வேலி முடிந்ததும் அதைப் பேசலாம் பெரியப்பா. மாதம் இரண்டு ஞாயிறு நான் வருகிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளி, மாலை 5:30

பெரியப்பா: (படம்)

வெள்ளகோவில் அத்தை: நம் கிணற்று மேட்டு வேலமரமா அண்ணா?

பெரியம்மா: ஆமாம். தொரட்டி எடுத்துக்கொண்டு போய் உலுக்கிக்கொண்டிருக்கிறார். காய் உதிர்கிற சத்தம் கேட்டதும் மந்தை முழுக்க ஓடி வந்து காலடியில் நிற்கிறது. முட்டி வலி என்றவர்.

அம்மா: இந்த மரத்தடியில்தான் பொன்வண்டு பிடித்துத் தீப்பெட்டியில் வைத்துக்கொண்டு வருவாள் இவள்.

கோயமுத்தூர் சித்தப்பா: கம்பெனிக்காரரிடம் பேசினேன். மூன்று ஏக்கர் என்றால் மேலே கேட்டுச் சொல்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு வருகிறார். பார்த்துவிட்டுப் போகட்டும், அன்றைக்கு யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

வெள்ளகோவில் அத்தை: தாளை முதல் நாளே அனுப்பச் சொல்லு.

கோயமுத்தூர் சித்தப்பா: சரிக்கா.

கோயமுத்தூர் சித்தி: அண்டா எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. இப்போதுதான் பார்த்தேன். சனிக்கிழமை வண்டியில் வைத்துக் கொண்டு வருகிறோம்.

பெரியம்மா: ஞாயிறு ராத்திரி தோட்டத்தில் எத்தனை பேருக்குச் சந்தகை பிழிய? கம்பெனிக்காரரும் சாப்பிடுவாரா?