ட்ரெஷர் என்ற வீடியோ கேம் கொம்பனியின் கதை தெரிந்தவர்கள் யாராவது?

வெள்ளவத்தைப் பொடியன்: பழைய செகா மெகா டிரைவ் கேம் மெஷினின் கசெற் ஒன்று கையில் கிடைத்தது, கன்ஸ்டார் ஹீரோஸ். அந்தக் காலத்து மெஷினில் இவ்வளவு வெடிப்பா! செய்தவர்கள் யார்?

பழங்கசெற்: தம்பி, கொனாமி என்ற ஜப்பானிய கேம் கொம்பனியில் இருந்த மசாட்டோ மாயேகாவாவும் கூட வேலை செய்தவர்களும், பெயர்போன கேம்களுக்கே திரும்பத் திரும்ப அடுத்த பாகம் செய்து அலுத்துப்போய், 1992இல் வெளியே வந்து தொடங்கியதுதான் ட்ரெஷர். 1993இல் வந்த உம்முடைய கசெற்தான் அவர்களின் முதல் அடி. நாலு ஆயுதங்களில் இரண்டைச் சேர்த்தால் புதிது பிறக்கும். மின்னலோடு துரத்தும் குண்டைச் சேர்த்துப் பாரும், மின்னலே எதிரியைத் தேடிப் போகும்.

பம்பலப்பிட்டி 4: அண்ணை சொன்னது சரி, ஆனால் எனக்கு அவர்களின் இன்னொரு கேமான இக்காருகாதான் (2001). நாம் ஓட்டும் பறக்கும் கப்பலைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிக்கொண்டே இருக்க வேணும், கப்பலின் நிறத்திலேயே வரும் குண்டு பட்டால் சாகமாட்டோம், அதையே உறிஞ்சித் திருப்பி அடிக்கலாம். விரல் நோகும்!

வெள்ளவத்தைப் பொடியன்: இப்போது என்ன செய்கிறார்கள்?

பழங்கசெற்: 2014இல் கப்கொம் என்ற இன்னொரு கேம் கொம்பனிக்கு ஒரு கேம் செய்தார்கள். அதற்குப் பிறகு பெரும்பாலும் பழையவற்றின் மறுவெளியீடுதான்.