கோண்டாவில் குடும்பம்: 2025 பெப்ரவரி 10

வசந்தி அக்கா: நாளைக்குப் பூசம். காலமை காதுகுத்து, பின்னேரம் 60 பேருக்குச் சாப்பாடு. கரண்ட் எத்தினைக்கு வெட்டுவினம்? ஆருக்கும் தெரியுமோ

தர்சன்: ஒண்டரை மணித்தியாலம். 3.30க்குப் பிறகு எப்பவும் வெட்டலாம்

குஞ்சம்மா: நேற்று முழு நாட்டிலையும் கரண்ட் போனது, இப்ப வெட்டுறது, எல்லாம் அந்தக் குரங்காலை

பாலா மாமா: குரங்கு பாணந்துறையில ட்ரான்ஸ்போமரைத் தொட்டதாவே இருக்கட்டும். பாணந்துறைதானே இருளவேணும், பருத்தித்துறை ஏன்? ஞாயிறு 11 மணி. ஒப்பீசெல்லாம் பூட்டு, பாவனை குறைவு. வெயிலும் உச்சம், கூரைச் சோலார் நிறைய. அதால பெரிய மெஷின்கள் கொஞ்சம்தான் சுத்தினது. கனத்த ரோட்டர் சுத்தினால் அடி விழேக்க கொஞ்சம் தாங்கும். சோலாரில சுத்த ஒண்டுமில்லை. கரண்டின்ர 50 ஹேட்ஸ் துடிப்பு ஆட, நுரைச்சோலை நிலக்கரி மெஷின் மூண்டும் கழண்டுது, 900 மெகாவாட். சுவிச் போட்டு எழுப்பேலாது. கொதிகலனைச் சூடேத்தித் திரும்ப ஓடவைக்க நாள்கணக்கு

தர்சன்: மாமா வொய்ஸ் போட்டிருக்கலாம்

ரொறன்ரோ அத்தான்: அப்ப மின்சார அமைச்சர் ஜயகொடிக்கு எத்தினை மார்க்

குஞ்சம்மா: ஜனவரியில 20 வீதம் பில்லைக் குறைச்சவர். நான் பாஸ் போடுவன்

பாலா மாமா: குறைச்சது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. மின்சார சபை விலையை அப்பிடியே விடச் சொல்லித்தான் கேட்டது. ஜயகொடிக்கு அதில ஒரு மார்க்கும் இல்லை

ரொறன்ரோ அத்தான்: முந்தி இருந்த அமைச்சர் காஞ்சன பில்லை 75 வீதம், பிறகு 66 வீதம் எண்டெல்லே ஏத்தினவர்

குஞ்சம்மா: அந்தாளின்ர பேரை இஞ்ச எடுக்காதேங்கோ

பாலா மாமா: 2022இல மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் எண்டாலும் காஞ்சனவின்ர கியூஆரால பெற்றோல் லைன் ஒழிஞ்சுது, அந்த மார்க்கைக் குடுக்கத்தான் வேணும். ஆனா 2020 ஓகஸ்டில கெரவலப்பிட்டிய உபமின் நிலையம், 2023 டிசம்பரில கொத்மலை பியகம லைன், இப்ப இது. ஒவ்வொருக்காவும் முழு நாடும் இருண்டது. ஜயகொடி வந்து மூண்டு மாதமும் இல்லை, விழுந்தது அவற்ற கணக்கில்லை. குரங்கெண்டு சொன்னது அவர்தான், அதுக்குக் கழி. கிரிட்டைத் தாங்கிற பெரிய பட்டரிக்கு எப்ப டென்டர், வெயில் நேரம் எத்தினை மெஷின் கட்டாயம் ஓடவேணும், இந்த ரெண்டுக்கும் திகதி சொல்லட்டும், பிறகு மார்க் போடுவம்

வசந்தி அக்கா: மாமா என்ர 60 பேர்??

தர்சன்: சித்தப்பா வீட்டில சோலார் கிடக்கு. அங்க வைப்பம்

சித்தப்பா: கிரிட் போனால் இன்வேட்டரும் நிண்டிடும், லைன்மனுக்கு அடிக்காமல் இருக்க. பட்டரி இல்லாட்டி அது வெறும் கூரை

வசந்தி அக்கா: அப்ப ரவி அண்ணையின்ர ஜெனரேட்டர்

குஞ்சம்மா: அவனிட்டையோ

ரவி அண்ணை: கேக்கலாம். போன முறை டாங்கி காயத் தந்தது ஆரெண்டும் கேக்கலாம்

தர்சன்: 🤐

பாலா மாமா: ரவியின்ரை 2.5 கேவிஏ. லைற், விசிறி, ஒரு பிரிட்ஜ் இழுக்கும். தண்ணி மோட்டர் போடாதேங்கோ, தொடங்கேக்க பல மடங்கு கேக்கும். 3 மணிக்கு முதல் மேல் டாங்கியை நிரப்புங்கோ. ஜெனரேட்டர் முத்தத்தில, அடுப்படிக்குள்ள இல்லை, புகை ஆளைக் கொல்லும். ரெண்டு பக்கமும் பிளக் வைச்ச வயரைச் சுவரில குத்தக் கூடாது. தனி வயர் இழுங்கோ

ரொறன்ரோ அத்தான்: கேவிஏ எண்டால் கிலோவாட்டோ

பாலா மாமா: இல்லை, எழுதுறன்

தர்சன்: வேண்டாம் மாமா

குஞ்சம்மா: சாப்பாட்டை 3 மணிக்கு முதல் குடுத்தால் என்ன

வசந்தி அக்கா: மாமியாக்கள் கொழும்பால 6க்குத்தான் வருகினம். ரவி அண்ணை, பெற்றோல் நான் அடிக்கிறன். கொண்டு வருவியளோ

ரவி அண்ணை: பாப்பம்