பட்டறைக் கருவிகளுக்கு எந்தப் பூச்சு?

குழு: பட்டறை வீட்டார்

*கதிரேசன், காலை 6.52*
அனைவருக்கும் வணக்கம். மழை விட்டதால் பன்னிரண்டு நாள்களுக்குப் பிறகு நேற்றுத்தான் பட்டறையைத் திறந்தேன். சுவர்ப்பலகையில் மாட்டியிருந்த 32 உளிகளிலும் துரு ஏறியிருக்கிறது. இழைப்புளியின் அலகுகள் ஐந்தும், பெரிய வைஸின் திருகும் அதே நிலையில்தான் இருக்கின்றன. தூத்துக்குடியில் உப்பளத்துக்கு அருகே பட்டறை வைத்திருக்கும் நமக்கு இது ஒவ்வோர் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நடப்பதுதான் என்றாலும், இந்த முறை இதற்கு நிலையான ஒரு வழி செய்துவிட விரும்புகிறேன். பவுடர் கோட்டிங் செய்யும் ஒருவர், எல்லாக் கருவிகளையும் எடைக் கணக்கில் பூசித் தருவதாகச் சொல்கிறார். காலை முதல் மாலை வரை கையில் புழங்கும் கருவிகளுக்கு அது தாங்குமா? மீனாட்சி அக்கா, நீங்கள் முலாம் பூசும் தொழிலில் இருப்பவர் என்பதால் முதலில் உங்கள் கருத்தைக் கேட்கிறேன்.

*மீனாட்சி அக்கா, காலை 7.30*
தம்பி, வைஸின் உடம்பு, மேசைக்கால், கருவி மாட்டும் சட்டம் ஆகியவற்றை அவரிடம் தாராளமாகக் கொடு. உளியையும் இழைப்புளி அலகையும் மட்டும் கொடுத்துவிடாதே. பவுடர் பூச்சு 60 முதல் 80 மைக்ரான் தடிமனில் உட்காரும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அவ்வளவு தடித்த தோல், சாணைக்கல்லிலும் மரத்திலும் ஓயாமல் உரசும் இடத்தில் ஒரு வாரம்கூட நிற்காது. விளிம்பில் சிறிது பெயர்ந்தாலே போதும், ஈரம் அதன் அடியில் புகுந்து, மேலே நிறம் பளிச்சென்று தெரிய உள்ளே துரு பரவிக்கொண்டிருக்கும். மேலும், அந்தப் பவுடரை 180 முதல் 200 டிகிரி வெப்பமுள்ள அடுப்பில் வைத்துத்தான் இறுக்குவார்கள். உளியைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கிய பிறகு, அது நொறுங்காமலிருக்க மிதமாகச் சூடேற்றிப் பதம் இறக்குவதும் ஏறக்குறைய அதே வெப்பத்தில்தான். அடுப்பு சற்றுக் கூடுதலாகச் சூடேறினால் விளிம்பின் கடினமே போய்விடும்.

*செந்தில், காலை 7.41*
அக்கா, நம்மிடம் இருக்கும் குரோம் பூசிய ஸ்பானர்கள் இந்த மழையிலும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. உளிகளுக்கும் குரோம் முலாமே பூசிவிட்டால் என்ன?

*மீனாட்சி அக்கா, காலை 8.05*
செந்தில், ஸ்பானரைக் காப்பது நீ பார்க்கும் குரோம் அன்று. அதன் அடியில் இருக்கும் நிக்கல்தான். அழகுக்காகப் பூசும் குரோம் ஒரு மைக்ரான்கூட இருப்பதில்லை. நிக்கல் அடுக்கு முழுமையாக இருக்கும் வரை ஈரம் இரும்பைத் தொடாது. ஆனால் ஓரிடத்தில் கீறல் ஆழமாக விழுந்தால், இரும்பைவிட நிக்கல் எளிதில் அரிக்கப்படாத உலோகம் என்பதால் அரிப்பு முழுவதும் அந்தக் கீறலுக்குள் இருக்கும் இரும்பின்மீதே குவியும். உன் ஸ்பானர்களின் வாய்ப்பகுதியை உற்றுப் பார். அங்கே புள்ளிப் புள்ளியாகத் துரு இருக்கும். துத்தநாக முலாம் இதற்கு நேர்மாறானது. தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கும். ஆனால் அது மிருதுவானது, கைபடும் கருவியில் விரைவில் தேய்ந்துவிடும்.

*கதிரேசன், காலை 8.20*
துத்தநாகம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நான்கு உளிகளுக்கு ஓரிடத்தில் துத்தநாக முலாம் போட்டு வாங்கினேன். முதல் வாரத்திலேயே இரண்டு உளிகள், வழக்கமாகக் கொட்டாப்புளியால் அடிக்கும் அடிக்கே, கண்ணாடி உடைவதுபோல முறிந்தன. எஃகு மட்டமானது என்று நினைத்து அப்போது விட்டுவிட்டேன்.

*மீனாட்சி அக்கா, காலை 8.34*
எஃகின்மேல் குற்றம் இருந்திருக்காது, தம்பி. அமிலத்தில் முக்கித் துரு எடுக்கும்போதும், மின்சாரம் செலுத்தி முலாம் ஏற்றும்போதும் ஹைட்ரஜன் கடினமான எஃகுக்குள் புகுந்துகொள்ளும். வெளிப்பார்வைக்கு எந்த மாற்றமும் தெரியாமல் எஃகு நொறுங்கும் தன்மையை அடைந்துவிடும். முலாம் போட்ட சில மணி நேரத்துக்குள் 200 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் பல மணி நேரம் வைத்து அந்த ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். நீ கொடுத்த இடத்தில் அதைச் செய்திருக்க மாட்டார்கள். செய்திருந்தாலும், முன்னே சொன்ன பதம் இறங்கும் சிக்கல் உளிக்கு வரக்கூடும். முறிந்த துண்டு கண்ணில் படாமல் போனதே பெரிய பாக்கியம். அடிவாங்கும் கருவிக்கு மின்முலாம் வேண்டாம் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

*சித்தப்பா, காலை 9.10*
எல்லோருடைய செய்திகளையும் படித்தேன். நான் ஐம்பது ஆண்டுகள் உளி பிடித்தவன். எங்கள் காலத்தில் பூச்சு என்று ஒன்றும் கிடையாது. மாலையில் வேலை முடிந்ததும், தகர டப்பாவுக்குள் சுருட்டி வைத்திருக்கும் எண்ணெய்த் துணியால் ஒவ்வொரு கருவியையும் துடைத்துவிட்டுத்தான் கைகழுவப் போவோம். தேங்காய் எண்ணெய் மட்டும் கூடாது. நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். மெஷின் எண்ணெய்தான் சரி. கதிர், நீ பட்டறையை மூடும் முன் எண்ணெய் தடவினாயா?

*கதிரேசன், காலை 9.18*
தடவினேன், சித்தப்பா. அவசரத்தில் விட்டுவிட்டேன் என்று சொல்வதற்கில்லை. ஒவ்வோர் உளிக்கும் என் கையாலேயே தடவினேன். அப்படியும் துரு பிடித்ததனால்தான் பூச்சைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன்.

*மீனாட்சி அக்கா, காலை 9.45*
அப்படியானால் எண்ணெய்க்கு அடியில் உப்பு இருந்திருக்கிறது. சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டும்போதுதான் நீர் விடும். கடல் உப்போடு வரும் மெக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே ஈரத்தை இழுக்கத் தொடங்கிவிடும். அதாவது, நம் ஊரில் வெயில் அடிக்கும் நாளிலும் அந்த உப்பு படிந்த இரும்பு உண்மையில் நனைந்தே இருக்கிறது. கையின் வியர்வையும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. உப்பு எண்ணெயில் கரையாது. ஆகையால் எண்ணெயானாலும் வேறு எந்தப் பூச்சானாலும், முதலில் நல்ல தண்ணீரால் கழுவி, துடைத்து, சூடு காட்டி உலர்த்திய பிறகே போட வேண்டும்.

*சித்தப்பா, காலை 9.52*
மீனா, இரும்பின்மேல் தண்ணீர் ஊற்றச் சொல்கிறாயே, அம்மா! தண்ணீர் பட்டால் துரு என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள்.

*மீனாட்சி அக்கா, காலை 10.01*
சித்தப்பா, தண்ணீர் தங்கினால்தான் துரு. கழுவிய கையோடு உலர்த்திவிட்டால் உப்பும் போகும், ஈரமும் போகும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பட்டறை ஆழ்துளைக் கிணற்றின் நீரே உப்பு நீர் என்பதால் அதைப் பயன்படுத்தக் கூடாது. மொட்டைமாடியில் பிடித்து வைத்த மழைநீரே போதும்.

*சித்தப்பா, காலை 10.09*
அது சரி என்றே படுகிறது. படகு வேலைக்குப் போய்வந்த கருவிகள், எவ்வளவு எண்ணெய் தடவினாலும் துருப்பிடித்ததை நானே பார்த்திருக்கிறேன். அதற்குக் காரணம் இன்றுதான் விளங்குகிறது.

*கதிரேசன், காலை 10.15*
கழுவுவதை இன்றே தொடங்குகிறேன், அக்கா. அப்படியானால் உளிகளுக்குப் பூச்சே வேண்டாமா?

*மீனாட்சி அக்கா, காலை 10.48*
வேண்டும். உளிக்கும் இழைப்புளி அலகுக்கும் பிளாக்கனிங் செய்யலாம். காஸ்டிக் சோடாவும் நைட்ரைட் உப்பும் கலந்த கரைசலை 140 டிகிரி அளவில் கொதிக்கவைத்து, அதில் எஃகை முக்குவார்கள். இரும்பின் மேற்பரப்பே கறுப்பு நிற இரும்பு ஆக்சைடாக மாறிவிடும். வெளியிலிருந்து எதையும் ஒட்டவைப்பதில்லை என்பதால் பெயர்ந்து வருவதற்கும் ஒன்றுமில்லை. தடிமன் ஒரு மைக்ரான் அளவே என்பதால் இழைப்புளியின் வாய்க்குள் அலகு இறுகாது. அந்த வெப்பத்தில் பதமும் கெடாது. மின்சாரம் செலுத்தாததால் உன் உளிகளை முறித்த சிக்கலும் முலாமில் வருவதுபோல இங்கே வராது.

ஆனால் இந்தக் கறுப்பு தானாகவே துருவைத் தடுத்துவிடும் என்று நம்பிவிடாதே. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அவை எண்ணெயைக் குடித்து வைத்துக்கொள்ளும் என்பதுதான் அதன் முழுப் பயன். மழமழப்பான வெள்ளை எஃகில் எண்ணெய் ஒரே நாளில் கையோடு போய்விடும். கறுத்த எஃகில் கூடுதலாகத் தங்கும். எனவே சித்தப்பாவின் எண்ணெய்த் துணியை நாம் கைவிடவில்லை; அது பிடித்து நிற்க ஓர் இடம் அமைத்துத் தருகிறோம். தீட்டும்போது விளிம்பிலும் பின்பக்கத்திலும் கறுப்பு போய்விடும், போகட்டும். அந்த இடத்தில் எந்தப் பூச்சும் நிற்கப் போவதில்லை, மாலை நேரத்து எண்ணெய் ஒன்றே அதற்குக் காவல்.

*செந்தில், காலை 11.02*
கடையில் புட்டியில் கிடைக்கும் கறுப்புத் திரவத்தைத் தடவினாலே எஃகு கறுத்துவிடுகிறதே, அது போதாதா?

*மீனாட்சி அக்கா, காலை 11.10*
பெரும்பாலும் அது செம்பும் செலினியமும் சேர்ந்த மெல்லிய படிவுதான். இரும்பு ஆக்சைடு அன்று. புழங்கும் கருவியில் சீக்கிரம் தேய்ந்துவிடும், கைக்கும் நல்லதில்லை. அதற்காகக் காஸ்டிக் கொதிநீரை வீட்டில் முயலவும் கூடாது. அந்தச் சூட்டில் சிறிது தண்ணீர் விழுந்தாலும் சீறித் தெறிக்கும். கதிர், துருவைக் கெரசினும் நுண்ணிய எமரித் தாளும் கொண்டு அங்கேயே தேய்த்து எடுத்துவிட்டு எனக்கு அனுப்பு, இங்கே பிளாக்கனிங் செய்துகொள்ளலாம். இங்கே கடும் அமிலத்தில் முக்க வேண்டாம் என்று நான் சொல்லிவிடுகிறேன். பிடிகளைக் கழற்றிவிட வேண்டும். அலுமினியமோ துத்தநாகமோ ஒட்டியிருக்கும் எதையும் சேர்த்து அனுப்பாதே. கரைசல் அதைத் தின்றுவிடும்.

*கதிரேசன், பகல் 12.30*
வைஸின் திருகு, இழைப்பு எந்திரத்தின் வார்ப்பிரும்பு மேசை, செங்கோணம் பார்க்கும் மூலமட்டம் ஆகியவற்றை அனுப்ப இயலாதே. ஸ்ப்ரே டப்பாவில் வரும் எதையாவது அடித்து வைக்கட்டுமா?

*மீனாட்சி அக்கா, பகல் 12.44*
சிலிகான் கலந்த ஸ்ப்ரே மட்டும் பட்டறைக்குள்ளேயே நுழையக் கூடாது. அது பலகையில் ஒட்டிக்கொண்டால், பிறகு அடிக்கும் பாலிஷ் மீன்கண் போலக் குழி குழியாக விலகும். மேசைக்கும் மூலமட்டத்துக்கும் தேன்மெழுகு போதும். ஒரு பங்கு மெழுகுக்கு மூன்று பங்கு டர்பன்டைன் சேர்த்து, நெருப்பில் காட்டாமல் சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் கரைத்து, மெல்லியதாகத் தேய்த்துத் துடைத்துவிடு. திருகுக்கு கிரீஸ் போடு.

*சித்தப்பா, பகல் 1.20*
பிடிகளைப் பற்றி நான் சொல்கிறேன். கருவேலம்பிடிக்கு வார்னிஷ் அடிக்காதே, வியர்வையில் வழுக்கும், உள்ளங்கை கொப்புளிக்கும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நன்றாகக் காயவிட்டுத் தேய்த்தால் மரமும் வெடிக்காது, பிடியும் கையோடு நிற்கும். தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதே. அது காயும்போது உள்ளுக்குள்ளேயே சூடேறித் தானாகத் தீப்பற்றிவிடும். விரித்து வெளியே காயவை, அல்லது தண்ணீரில் முக்கி வை. மரத்தூள் கிடக்கும் இடம் என்பதால் இதைச் செந்திலும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். உளிகளைத் தோல் உறையிலும் இனி வைக்காதீர்கள். பதனிட்ட தோலில் இருக்கும் உப்பும் துவர்ப்பும் எஃகைக் கெடுக்கும்.

*கதிரேசன், மாலை 5.35*
மழைநீரில் கழுவி, வெயிலில் சூடேற்றி, 19 உளிகளைத் தேய்த்து முடித்திருக்கிறோம். மீதியை நாளை முடித்து, எண்ணெய்த் தாளில் தனித்தனியாகச் சுற்றி, நாளை மறுநாள் பார்சலில் அக்காவுக்கு அனுப்பிவிடுகிறேன். வைஸை மட்டும், தாடையையும் திருகையும் கழற்றிவிட்டு, பவுடர் பூசக் கொடுக்கிறேன்.

*சித்தப்பா, மாலை 5.58*
அப்பாவின் இரண்டு அங்குல உளியை அனுப்பாதே, கதிர். அதன் வால்பகுதியை அவர் பழுக்கக் காய்ச்சிப் பிடிக்குள் இறக்கியிருக்கிறார். உடைக்காமல் கழற்ற முடியாது. அதற்குத் தேன்மெழுகே போதும். ஞாயிற்றுக்கிழமை நான் வந்து தேய்த்துத் தருகிறேன்.