2011-ல வெண்டி டேவிஸ் ஸ்கூல் பணத்துக்காக நின்னு பேசினாங்களே, அதனால கடைசில என்ன கிடைச்சது?

காவேரிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க டாலஸ் பக்கம், டெக்சாஸ் வந்து ஆறு வருஷம் ஆகுது. பொண்ணு மூணாவது படிக்கிறா. அவ படிக்கிற எலிமெண்ட்ரி ஸ்கூல மூடலாம்னு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல (இந்தப் பகுதி பப்ளிக் ஸ்கூல்கள நடத்தற அமைப்பு) பேச்சு வந்திருக்கு, காசு பத்தல, பிள்ளைங்க எண்ணிக்கையும் குறைஞ்சுபோச்சுங்கறாங்க. வீட்லேந்து நடந்தே போயிடலாம். அவ இங்க வந்த புதுசுல இங்கிலீஷ் வராம அழுதுட்டு நின்னப்ப தினமும் பத்து நிமிஷம் பக்கத்துல உக்காந்து படம் காட்டி காட்டி பேச வச்ச டீச்சர் இன்னும் அங்கதான் இருக்காங்க. நியூஸ் வந்ததுலேந்து எனக்கு சரியா தூக்கமே இல்ல.

ஸ்கூல் போர்டு மீட்டிங்ல பேச பேர் குடுக்கலாம்னு இருக்கேன், அப்படியே எங்க ஏரியா ஸ்டேட் ரெப்புக்கும், அதாவது மாநில சட்டசபை உறுப்பினருக்கும், எழுதலாம்னு தேடிட்டு இருந்தப்பதான் டெக்சாஸ் செனட்ல டெமாக்ராட் செனட்டரா இருந்த வெண்டி டேவிஸ் 2011-ல செஞ்சது கண்ல பட்டுச்சு. 2013-ல கருக்கலைப்பு சட்டத்துக்கு எதிரா ரன்னிங் ஷூ போட்டுட்டு மணிக்கணக்கா நின்னாங்களே, அவங்களேதான். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே ஸ்கூல் பண வெட்டுக்கு எதிராவும் நின்னிருக்காங்கன்னு எனக்கு இப்பதான் தெரியும். ஆனா படிச்சு பாத்தா அந்த வெட்டு எப்படியும் நடந்துடுச்சு போல. எங்க வீட்டுக்காரர், மெஜாரிட்டி ரிப்பப்ளிகன் கட்சி கையில இருக்கு, தனியா ஒருத்தர் நின்னு பேசி என்ன ஆச்சு, நமக்கு ஓட்டும் கிடையாது, நீ எழுதி என்ன ஆகப்போகுதுன்னு கேக்கறார். எனக்கு பதில் சொல்ல தெரியல.

அப்ப இங்க இருந்தவங்க யாராவது நடந்தது என்னன்னு சொல்லுங்களேன். இன்னொண்ணு, ப்ராபர்டி டாக்ஸ் வருஷா வருஷம் ஏறுதே, அப்புறம் ஸ்கூலுக்கு எப்படி காசு இல்லாம போகுது?

ஆஸ்டின்_பழையவன்:

சிஸ்டர், நான் 2003-லேந்து ஆஸ்டின்ல இருக்கேன், 2011-ல என் பையன் நாலாவது. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல இந்த ஊர் சட்டசபை எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சாதான் அன்னிக்கு ராத்திரி நடந்தது புரியும். டெக்சாஸ்ல ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் செஷன், அதுவும் 140 நாள்தான். ரெண்டு வருஷத்துக்கான பட்ஜெட்டையும் அதுக்குள்ள முடிச்சாகணும். 2011 ஜனவரில கம்ப்ட்ரோலர் (மாநிலத்தோட நிதிக் கணக்கு பாக்கற அதிகாரி) சூசன் கோம்ஸ் வருமானக் கணக்க வெளியிட்டப்ப, இருக்கிற சேவைகள அப்படியே நடத்தவே சுமார் 27 பில்லியன் டாலர் குறையுதுன்னு ஆயிடுச்சு. பொருளாதார மந்தம் ஒரு காரணம். ஆனா மந்தத்த மட்டும் பழி சொல்லக்கூடாது. 2006-ல ஸ்கூல் ப்ராபர்டி டாக்ஸ மூணுல ஒரு பங்கு குறைச்சாங்க, அந்த ஓட்டைய அடைக்க பிசினஸ் மேல ஒரு புது வரி போட்டாங்க, அது எதிர்பார்த்த அளவுக்கு வரவே இல்ல. அந்த பள்ளம் வருஷா வருஷம் அப்படியே இருந்துச்சு.

அப்ப ரெய்னி டே ஃபண்டுல, அதாவது எண்ணெய், எரிவாயு வரிலேந்து சேத்து வச்சிருந்த அவசர நிதில, 9 பில்லியனுக்கு மேல இருக்கும்னு கணக்கு. நடந்துட்டிருந்த வருஷத்து பற்றாக்குறைக்கு 3 பில்லியன் சொச்சம் எடுத்தாங்க. அடுத்த ரெண்டு வருஷ பட்ஜெட்டுக்கு அத தொடவே கூடாதுன்னு கவர்னர் ரிக் பெர்ரி உறுதியா நின்னுட்டார். அதனால கத்தி ஸ்கூல் மேல இறங்குச்சு. ஸ்கூல்களுக்கு சட்டப்படி போற ஃபார்முலா பணத்துல 4 பில்லியன், தனி மானியங்கள்ல 1.4 பில்லியன், மொத்தம் 5.4 பில்லியன். வருஷத்துக்கு சுமார் 80,000 பிள்ளைங்க புதுசா வந்து சேர்ற மாநிலம்ங்கறத மறந்துடாதீங்க.

மார்ச் 12 அன்னிக்கு கேப்பிட்டல், அதாவது சட்டசபை கட்டடம் முன்னாடி பெரிய பேரணி நடந்துச்சு, ஆயிரக்கணக்குல டீச்சர்ஸ், பேரண்ட்ஸ். நானும் பையன தோள்ல வச்சுக்கிட்டு போனேன், வெயிட் தாங்கல, ஆனா அவன் இறங்க மாட்டேன்னுட்டான்.

இப்ப அந்த ராத்திரிக்கு வர்றேன். மே 29, ஞாயித்துக்கிழமை. மசோதாக்கள பாஸ் பண்ண அன்னிக்கு நடுராத்திரிதான் கடைசி கெடு. ஸ்கூல் பண வெட்டு செனட் பில் 1811-ங்கற மசோதாக்குள்ள இருந்துச்சு, அது பாஸ் ஆகலன்னா பட்ஜெட் கணக்கே சரியா வராது. ஃபோர்ட் வொர்த் செனட்டர் வெண்டி டேவிஸ் பத்தே முக்கால் வாக்குல எந்திரிச்சு பேச ஆரம்பிச்சாங்க. ஃபிலிபஸ்டர்னு சொல்றது அதத்தான். நம்ம ஊர் சட்டசபைல எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்யும், இங்க அதுக்கு நேர் தலைகீழ், வெளிய போகவே கூடாது. உக்காரக்கூடாது, மேஜைல சாயக்கூடாது, சாப்பிடக்கூடாது, பாத்ரூம் போகக்கூடாது, மசோதாவ விட்டு வேற பேச்சும் பேசக்கூடாது. பன்னெண்டு மணி அடிக்கிற வரைக்கும் நின்னாங்க, மசோதா செத்துச்சு. மறுநாள் விதிய தளர்த்தி எடுக்கணும்னா அஞ்சுல நாலு பங்கு ஓட்டு வேணும், 31 பேர் செனட்ல டெமாக்ராட்ஸ் 12 பேர் இருந்தாங்க, அவங்க குடுக்கல. பெர்ரி உடனே ஸ்பெஷல் செஷன் கூப்பிட்டார், ஜூன் கடைசில அதே வெட்டு பாஸ் ஆயிடுச்சு.

உங்க வீட்டுக்காரர் சொல்றது அதுவரைக்கும் சரிதான். ஆனா கதை ஜூன்ல முடியல. ராத்திரியோட ராத்திரியா நிதி மசோதாக்குள்ள நுழைஞ்சு போயிருக்க வேண்டிய வெட்டு, ஒரு மாசம் எல்லா பேப்பர்லயும் வந்துச்சு. யார் ஸ்கூல் பணத்த வெட்ட ஓட்டு போட்டாங்கன்னு பேர் பேரா பதிவாச்சு. என் பக்கத்து வீட்டு அமெரிக்கத் தாத்தா, வாழ்நாள் பூரா ரிப்பப்ளிகனுக்கே ஓட்டு போட்டவர், அந்த மாசம்தான் முதல் தடவையா என்கிட்ட ஸ்கூல் ஃபண்டிங் பத்தி பேசினார். 2012-ல டேவிஸோட தொகுதி ரிப்பப்ளிகன் பக்கம் சாஞ்ச தொகுதி, அதுல இந்த வெட்டயே சொல்லி சொல்லி கேட்டு ஜெயிச்சாங்க. 2013 செஷன்ல வெட்டுனதுல சுமார் 3.4 பில்லியன் திரும்ப வந்துச்சு.

கணக்குப்பிள்ளை:

பழையவன் அண்ணா சொன்ன விவரமெல்லாம் சரி, முடிவுல மட்டும் எனக்கு உடன்பாடு இல்ல. 2013-ல பணம் வந்ததுக்கு காரணம் எண்ணெய் விலை ஏறி வரி கொட்டினது, அதோட 600-க்கு மேற்பட்ட ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் சேந்து கோர்ட்டுக்கு போனது. நீதிபதி ஜான் டீட்ஸ் 2013 பிப்ரவரிலயே இந்த முறை டெக்சாஸ் அரசியலமைப்புக்கு விரோதம்னு சொல்லிட்டார், செஷன் நடந்துட்டு இருக்கும்போதே. பேச்சவிட அதுதான் பயமுறுத்திச்சு. இன்னொண்ணு, ரெகுலர் செஷன்ல செனட்ல ஒரு மசோதாவ எடுக்க மூணுல ரெண்டு பங்கு ஆதரவு வேணும்ங்கற வழக்கம் அப்ப இருந்துச்சு, அது டெமாக்ராட்ஸுக்கு பெரிய பிடி. ஸ்பெஷல் செஷன்ல அது இல்ல. பெர்ரி அங்க வேற பிரச்சனைக்குரிய விஷயங்களையும் சேத்து வச்சார். அப்பவே டேவிஸ் கட்சிக்காரங்கள்ல சிலர் இதுக்காக வருத்தப்பட்டாங்க. கோர்ட் வழியும் முழுசா ஜெயிக்கல, 2016 மே மாசம் டெக்சாஸ் சுப்ரீம் கோர்ட், குறை நிறைய இருக்கு ஆனா அரசியலமைப்பு கேக்கற குறைஞ்சபட்ச அளவுக்கு இருக்குன்னு சொல்லி திருப்பிடுச்சு.

காவேரிக்கரை, உங்க டாக்ஸ் கேள்விக்கு வர்றேன், இத நம்ம ஆளுங்க எல்லாரும் தெரிஞ்சுக்கணும். ஒரு டிஸ்ட்ரிக்ட்டுக்கு இவ்ளோ பணம்னு மாநில ஃபார்முலா முடிவு பண்ணுது. அடிப்படைத் தொகை பிள்ளை ஒண்ணுக்கு 2019-லேந்து 2025 வரைக்கும் 6,160 டாலர். அந்த மொத்தத்துல உங்க வீட்டு வரிலேந்து வர்றது முதல்ல கழியும், மிச்சத்த மாநிலம் குடுக்கும். அப்ப உங்க வீட்டு மதிப்பு ஏறி நீங்க அதிகமா கட்டினா என்ன ஆகும்? ஸ்கூலுக்கு போற மொத்தம் அதேதான், மாநிலம் குடுக்க வேண்டிய பங்குதான் குறையும். டிஸ்ட்ரிக்ட்ல சொத்து மதிப்பு ரொம்ப அதிகம்னா ஒரு பகுதிய மாநிலமே எடுத்துக்கும், ராபின் ஹூட்னு சொல்லுவாங்களே, 1993-லேந்து இருக்கு. இதுல இன்னொரு கொடுமை, சேந்திருக்கிற பிள்ளைங்க எண்ணிக்கைக்கு பணம் இல்ல, தினசரி வருகை சராசரிக்குதான். ஃப்ளூ சீசன்ல பத்து பிள்ளை வரலன்னா டீச்சர் சம்பளமும் கரண்ட் பில்லும் குறையுமா? வருமானம் மட்டும் குறையும்.

2019-க்கு அப்புறம் விலைவாசி எவ்ளோ ஏறுச்சுன்னு உங்க ஹெச்இபி மளிகைக் கடை பில்லப் பாத்தாலே தெரியும். 2023-ல மாநிலத்துகிட்ட 32.7 பில்லியன் உபரி இருந்தும் அந்த 6,160 அசையல. 2025-ல ஹவுஸ் பில் 2-ங்கற ஸ்கூல் நிதி சட்டம் வந்துச்சு, 8.5 பில்லியன், அதுல பாதிக்கு பக்கம் டீச்சர் சம்பளத்துக்கு போச்சு, அது நல்லதுதான். ஆனா அடிப்படைத் தொகைல ஏறினது 55 டாலர். ஐம்பத்தஞ்சே டாலர்! ஸ்கூல் மூடறாங்கன்னா அதுக்கு வேர் இங்க இருக்கு. போர்டு மேல மட்டும் கோபப்படாதீங்க.

வகுப்பறை_12:

நான் 2011-ல ஹூஸ்டன் பக்கம் ஒரு பப்ளிக் ஸ்கூல்ல டீச்சர்ஸ் எய்டா (டீச்சருக்கு உதவியாளரா) இருந்தேன், இப்ப செர்டிஃபிகேட் வாங்கி ரெண்டாங்கிளாஸ் எடுக்கறேன். பில்லியன் கணக்கு எனக்கு வராது, என் ரூம்ல நடந்தத சொல்றேன்.

இந்த மாநிலத்துல கிண்டர்கார்டன்லேந்து நாலாவது வரைக்கும் ஒரு வகுப்புல 22 பிள்ளைக்கு மேல கூடாதுன்னு 1984 காலத்து சட்டம். அந்த வருஷம் டிஸ்ட்ரிக்ட்டுகள் வரிசையா விதிவிலக்கு கேட்டு வாங்குச்சு, எங்க ரூம்ல 26 பிள்ளைங்க. பேரண்ட்ஸுக்கு கடிதம் அனுப்பணும்ல, அத மடிச்சு பிள்ளைங்க ஃபோல்டர்ல வச்சது நான்தான். ஸ்பானிஷ் மட்டும் தெரிஞ்ச அம்மா ஒருத்தங்க கேட்ல நின்னு அந்த பேப்பர காட்டி இது என் பிள்ளைய வெளிய அனுப்பறதுக்காங்கற மாதிரி கேட்டாங்க, எனக்கு கண்ல தண்ணி வந்துடுச்சு. நாலு வயசு பிள்ளைங்களுக்கு முழுநாள் ப்ரீ-கே, அதாவது கிண்டர்கார்டனுக்கு முந்தின வகுப்பு நடந்துட்டு இருந்தது, மாநில மானியம் நின்னதும் அரைநாள் ஆயிடுச்சு. வேலைக்கு போற அம்மாவுக்கு பதினொன்றரைக்கு பிள்ளைய வந்து கூட்டிட்டு போன்னா என்ன செய்வாங்க? பல பிள்ளைங்க வராமலே நின்னுட்டாங்க. மாநிலம் முழுக்க பத்தாயிரத்துக்கு மேல டீச்சர் வேலை போச்சு அந்த ஒரு வருஷத்துல. டிசம்பரோட என் எய்டு வேலையும் போச்சு.

கணக்குப்பிள்ளை தம்பி, நீங்க சொல்ற எண்ணெய், கோர்ட் எல்லாம் இருக்கட்டும். ஆனா அந்த மே மாச ராத்திரி எங்க ஸ்டாஃப்ல நாலஞ்சு பேர் லைவ்ல பாத்துட்டு இருந்தோம். சின்ன வயசுலயே தனியா பிள்ளைய வச்சுக்கிட்டு கம்யூனிட்டி காலேஜ்ல ஆரம்பிச்சு ஹார்வர்டு லா வரைக்கும் போனவங்க அவங்க, பப்ளிக் ஸ்கூல் இல்லன்னா என்ன ஆகும்னு அவங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. எங்களுக்காக ஒருத்தர் நிக்கறாங்கன்னு தெரிஞ்ச பிறகுதான் எங்க பிரின்சிபால் உள்பட பாதி பேர் சட்டசபைக்கு கடிதம் எழுதவே ஆரம்பிச்சோம். அதுவரை அது எங்க வேலை இல்லன்னு நெனச்சிருந்தோம்.

ஆஸ்டின்_பழையவன்:

கணக்குப்பிள்ளை சொன்ன மூணுல ரெண்டு பங்கு விஷயம் நியாயமான குறை, ஒத்துக்கறேன். டேவிஸ் நின்னதாலதான் பணம் வந்துச்சுன்னு நானும் சொல்லல. யாரும் நிக்காம இருந்திருந்தா அந்த 5.4 பில்லியன் ஒரு வெட்டுங்கறதே ஜனங்களுக்கு தெரிஞ்சிருக்காது, அப்புறம் எத திருப்பிக் கேட்டிருப்பாங்க?

இன்னொரு ஆள சொல்றேன், இவர் ரிப்பப்ளிகன். காலேஜ் ஸ்டேஷன் ரெப் ஜான் ரேனி. 2023 நவம்பர்ல பொதுப்பணத்த தனியார் ஸ்கூலுக்கு குடுக்கற வவுச்சர் திட்டத்த மசோதாலேந்து எடுக்கணும்னு திருத்தம் கொண்டு வந்தார், 84-63ன்னு ஜெயிச்சுது. அவரோட சேத்து 21 ரிப்பப்ளிகன்கள் டெமாக்ராட்ஸ் கூட சேந்தாங்க, பாதிக்கு மேல சின்ன ஊர், கிராமத்து தொகுதி. அந்த மாதிரி பல ஊர்கள்ல தனியார் ஸ்கூலே கிடையாது, ஊர்லயே நிறைய பேருக்கு வேலை குடுக்கறது ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்தான். கவர்னர் அபட் 2024 ப்ரைமரில (கட்சிக்குள்ள வேட்பாளரத் தேர்ந்தெடுக்கற தேர்தல்ல) அவங்க பல பேர எதிர்த்து வேலை செஞ்சு தோக்கடிச்சார், 2025-ல ஒரு பில்லியன் டாலர் வவுச்சர் சட்டம் ஆயிடுச்சு. பதவி போகும்னு தெரிஞ்சே ஓட்டு போட்ட அந்த ஆளுங்கள நான் மதிக்கறேன், அவங்களோட மத்த எந்த கொள்கையும் எனக்கு ஒத்து வராட்டியும்.

காவேரிக்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வகுப்பறை அக்கா, உங்க பதில வீட்டுக்காரர்கிட்ட தமிழ்லயே சத்தமா படிச்சு காட்டினேன், கடித விஷயம் வந்ததும் அவர் ஒண்ணும் பேசல. டாக்ஸ் எப்படி வேலை செய்யுதுன்னும் இப்பதான் எங்க ரெண்டு பேருக்கும் புரிஞ்சுது, இத்தன நாளா டிஸ்ட்ரிக்ட்ட திட்டிட்டு இருந்தோம்.

ஒரு சந்தேகம், சிட்டிசன் இல்லாதவங்க பேசலாமா? விசால இருக்கோம், அதான் பயம்.

வகுப்பறை_12:

தாராளமா பேசலாம்மா. போர்டு மீட்டிங்ல பேர் பதிஞ்சா யார் வேணா பேசலாம், விசாவெல்லாம் கேக்க மாட்டாங்க, பொதுவா மூணு நிமிஷத்துக்குள்ள முடிக்கணும். ஸ்டேட் ரெப் ஆபீசுக்கு எழுதறப்ப உங்க அட்ரஸ் போடுங்க, தொகுதில குடியிருக்கிறவங்கன்னா படிப்பாங்க. அடுத்த ரெகுலர் செஷன் 2027 ஜனவரி, அப்ப ஹவுஸ் கமிட்டி மசோதாக்களுக்கு ஆன்லைன்லயே கருத்து எழுதலாம், டெக்சாஸ்ல வசிக்கறவங்களா இருந்தா போதும்.

பேசறப்ப பில்லியன் எல்லாம் வேணாம். அழுதுட்டு நின்ன பொண்ணு, பத்து நிமிஷம் பக்கத்துல உக்காந்த டீச்சர், அத சொல்லுங்க, அதுக்கப்புறம் 55 டாலர சொல்லுங்க. எழுதிட்டு இங்க போடுங்க, நான் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உக்காந்து பாத்து திருத்தி தர்றேன்.

காவேரிக்கரை:

சரிக்கா, ராத்திரி அவ தூங்கினதும் எழுதிடறேன். வீட்டுக்காரரும் மீட்டிங்குக்கு வர்றேன்னு லீவ் சொல்லிட்டார்.