மறுமொழி: ‘அல்ட்ரா பிராசஸ்டு ஃபுட்’ – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். ஆலையில் பிரித்தெடுத்த கூறுகளையும் சேர்க்கைகளையும் கூட்டி ஆக்கும் உணவுக்கு (குளிர்பானம், சாசேஜ் போன்றவை) தமிழ்ச்சொல் தேடும் இந்த இழை நீண்டுகொண்டே போகிறது. விட்டுப்போன சில கேள்விகளை ஒரே மடலில் எடுத்துக்கொள்கிறேன்.

> ‘பதப்படுத்திய உணவு’ என்ற ஒரே சொல் போதாதா ஐயா? பிராசஸ்டு மீட்டும் இதில் அடங்கிவிடுமே. இரண்டும் குடல் புற்றுநோய்க்குக் காரணம் என்றுதானே சொல்கிறார்கள்?

போதாது அம்மா. இரண்டுக்கும் உள்ள சான்றுகளின் வலு வேறு வேறு. ஒரே சொல்லில் போட்டால் அந்த வேறுபாடு வாசகர் கண்ணில் படாமலே போய்விடும்.

பிராசஸ்டு மீட் என்பது உப்பிட்டோ, புகையூட்டியோ, நைட்ரைட்டு சேர்த்தோ கெடாமல் வைத்த இறைச்சி: பேக்கன், ஹாம், சாசேஜ் போன்றவை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை பிரான்ஸின் லியோன் நகரில் கூட்டிய 22 வல்லுநர்கள் 2015 அக்டோபரில் இதை முதல் தொகுதியில் வைத்தார்கள். மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என்று போதிய சான்று இருப்பவை அந்தத் தொகுதியில் வரும். நாள்தோறும் 50 கிராம் உண்டால் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்க்கான இடர் சுமார் 18 விழுக்காடு கூடுகிறது என்பது அவர்கள் தந்த கணக்கு. எப்படி நேர்கிறது என்பதும் ஓரளவு தெரிந்ததே. சேர்த்த நைட்ரைட்டு புரதச் சிதைவுப் பொருள்களோடு வினைபுரிந்து நைட்ரோசோ சேர்மங்களைத் தருகிறது. இறைச்சிக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் இரும்பு அந்த வினையைக் குடலுக்குள்ளேயே தூண்டுகிறது. அந்தச் சேர்மங்கள் குடற்சுவர் உயிரணுக்களின் டிஎன்ஏவில் கைவைக்கின்றன. இங்கே பதப்படுத்தும் செயலே சிக்கலின் ஒரு பகுதி. ஆகவே ‘பதப்படுத்திய இறைச்சி’ என்ற வழக்குச் சொல் அப்படியே இருக்கட்டும், அதில் கைவைக்க வேண்டாம்.

அல்ட்ரா பிராசஸ்டு ஃபுட் வேறு கதை. அது பிரேசிலின் சாவோ பாவுலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மொன்டெய்ரோ 2009இல் முன்வைத்த ‘நோவா’ என்ற உணவு வகைப்பாட்டிலிருந்து வந்தது. அந்த வகைப்பாட்டின் இன்றைய வடிவத்தில் நான்கு பிரிவுகள்: இயல்பான அல்லது சிறிதே பதப்படுத்திய உணவு, சமையல் சேர்பொருள்கள், பதப்படுத்திய உணவு, நான்காவது இது.

> ‘மீப்பதன உணவு’ சுருக்கமாக இருக்கிறதே. செய்தித்தாள்களும் ‘அதிகம் பதப்படுத்திய உணவு’ என்றுதானே எழுதுகின்றன?

நான் மறுப்பது இந்த ‘மீ’, ‘அதிகம்’, ‘மிகை’ எல்லாவற்றையும்தான். ஒரே செயலைக் கூடுதலாகச் செய்தது போல அவை பொருள் தருகின்றன. நோவாவின் நான்காம் பிரிவு அளவைப் பற்றியது அல்ல, வகையைப் பற்றியது. ஒரு குளிர்பானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீர், சர்க்கரை, அமிலம், நிறமி, மணமூட்டி, கரியமில வாயு. இதில் எதைப் பதப்படுத்தினார்கள்? கலந்து அடைத்ததோடு சரி. ஆனாலும் அது நான்காம் பிரிவு. மறுபுறம், டப்பாவில் அடைத்த மீன் கடுஞ்சூட்டில் வேகிறது, நோய் தரும் நுண்ணுயிர்கள் அழிகின்றன. அவ்வளவு பதப்படுத்தியும் அது மூன்றாம் பிரிவில்தான் நிற்கிறது.

ரொட்டியையும் பாருங்கள். மாவு, ஈஸ்ட், உப்பு, நீர் மட்டும் என்றால் மூன்றாம் பிரிவு. அதே ரொட்டியின் உறைப் பின்புறத்தில் பால்மமாக்கி (எண்ணெயும் நீரும் பிரியாமல் கலந்திருக்கச் சேர்ப்பது), மாற்றிய மாவுச்சத்து, மணமூட்டி என்று பட்டியல் நீண்டால் நான்காம் பிரிவு. பிசைந்ததும் சுட்டதும் இரண்டிலும் ஒன்றே. ‘மீப்பதனம்’ இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

> அப்படியானால் ‘ஆலை உணவு’?

கிட்டே வருகிறது, ஆனால் மாவும் எண்ணெயும் சர்க்கரையும்கூட ஆலையிலிருந்துதானே வருகின்றன? எண்ணெயும் சர்க்கரையும் நோவாவில் இரண்டாம் பிரிவு, மாவு முதற்பிரிவு. அவை எல்லாம் உள்ளே வந்துவிடும்.

நான் முன்வைப்பது ‘புனையுணவு’. புனைபெயர், புனைகதை போல வினைத்தொகை. பூக்களைத் தொடுத்து மாலை ஆக்குவதும் புனைதல், அழகூட்டுவதும் புனைதல். நான்காம் பிரிவு செய்வதும் இந்த இரண்டைத்தான்: உணவிலிருந்து மாவுச்சத்து, கொழுப்பு, புரதம் எனப் பிரித்தெடுத்தவற்றைத் திரும்பக் கோத்து, நிறமும் மணமும் ஏற்றுவது.

> ‘புனைசுருட்டு’ நினைவுக்கு வருகிறதே. கலைச்சொல்லில் இழிவுக் குறிப்பு இருக்கலாமா?

இந்தத் தடையைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன். தீர்ப்பைச் சொல்லுக்குள் திணித்தால் சான்றைத் திறந்த மனத்தோடு படிக்க முடியாது. இங்கே சான்றும் ஒரே திசையில் ஓடவில்லை. அமெரிக்காவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை 24 முதல் 28 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்த ஆய்வு 2022இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. நான்காம் பிரிவு உணவை மிக அதிகமாக உண்ட ஆண்களுக்கு, மிகக் குறைவாக உண்டவர்களைவிடப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் இடர் 29 விழுக்காடு கூடுதல். பெண்களிடம் மொத்தமாகப் பார்த்தால் அந்தத் தொடர்பு தெரியவில்லை. உள்வகை பிரித்தபோது ஆண்களில் இறைச்சி சார்ந்த தயார் உணவுகளும் இனிப்பூட்டிய பானங்களும் முன்னால் நின்றன. பெண்களிலோ தயிர், பால் இனிப்பு வகைகளை உண்டவர்களுக்கு இடர் குறைவாகவே இருந்தது. ஒரே பெயரின் கீழ் இத்தனை வேறுபாடு.

அதோடு இது கண்காணிப்பு ஆய்வு, தொடர்பைக் காட்டும். காரணம் என்று சொல்ல இன்னும் தொலைவு இருக்கிறது. பால்மமாக்கிகள் எலிகளின் குடல்வாழ் நுண்ணுயிர்களை மாற்றி, மெல்லிய அழற்சியை மூட்டி, கட்டி வளரத் துணைபோனதைச் சோதனைக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். கவனிக்க வேண்டிய செய்திதான், ஆனால் எலிக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேரும் என்று அதை வைத்து எழுதிவிடக் கூடாது. நார்ச்சத்து மிக்க உணவின் இடத்தை நான்காம் பிரிவு உணவுகள் பிடித்துக்கொள்வதும், உடல் எடை கூடுவதும் இடருக்கான வேறு வழிகள்.

இத்தனையும் தெரிந்தே ‘புனை’யை ஆதரிக்கிறேன். புனைகதை என்றால் யாரும் மோசடி என்று கொள்வதில்லை. ‘சுருட்டு’ சேர்ந்தால்தான் அந்தச் சொல் கெடுகிறது. ‘போலி உணவு’, ‘நச்சுணவு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அவற்றைப் பட்டியலிலேயே சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம், ‘புற்றுநோய் தரும்’ என்ற வினை. தயவுசெய்து ‘இடரைக் கூட்டும்’ என்று எழுதுவோம். 100 பேரில் 5 பேருக்கு வாழ்நாளில் இந்த நோய் வரும் என்று வைத்துக்கொண்டால், 18 விழுக்காடு கூடுவது என்பது ஏறக்குறைய 6 பேர். 18 பேர் அல்ல. புகையிலையும் முதல் தொகுதியில் இருப்பதால் பதப்படுத்திய இறைச்சியும் அதே அளவு கொடியது என்று எழுதுவதும் தவறு. அந்தத் தொகுதி சான்றின் உறுதியைச் சொல்கிறது, கேட்டின் அளவை அல்ல. நோயைப் பற்றிய செய்தியைப் படித்து நடுங்குபவர் பெரும்பாலும் நோயாளி வீட்டில் இருப்பவர். அவருக்குச் சரியான அளவு தெரிய வேண்டும். ‘குடல் புற்றுநோய்’ என்றும் பொத்தாம்பொதுவாக வேண்டாம். சிறுகுடலில் வருவது அரிது, இங்கே பேசுவது பெருங்குடலும் மலக்குடலும்.

சொல்வங்கிப் பதிவுக்கு என் வரைவு:

புனையுணவு – உணவுப்பொருள்களிலிருந்து பிரித்தெடுத்த கூறுகளையும் அவற்றின் மாற்றுருக்களையும் நிறமி, மணமூட்டி, பால்மமாக்கி போன்ற சேர்க்கைகளோடு கூட்டி ஆலையில் உருவாக்கும் உணவு அல்லது பானம். நோவா வகைப்பாட்டின் நான்காம் பிரிவு.

ஓர் இடத்தில் மட்டும் உங்கள் கருத்து வேண்டும். வெறும் உப்பிட்டு உலர்த்திய இறைச்சி மூன்றாம் பிரிவு, சாசேஜ் நான்காம் பிரிவு. ஆனால் இரண்டுமே பதப்படுத்திய இறைச்சிதான். சாசேஜ் பதிவில் ‘பதப்படுத்திய இறைச்சி, புனையுணவு’ என இரு குறிச்சொற்களும் போடலாமா? வேறு வழி தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்