ஆரி வேலைக்கு வாடிக்கையாளர்களைப் பெருக்குவது எப்படி?

கேள்வி (மதுரை): வீட்டிலிருந்தபடியே மணப்பெண்களின் ரவிக்கைகளுக்கு ஆரி வேலை (கொக்கி ஊசியால் செய்யும் பூத்தையல்) செய்து தருகிறேன். முகூர்த்த மாதங்களில் வேலை குவிகிறது. ஆடியிலும் மார்கழியிலும் கை ஓய்ந்துவிடுகிறது. விளம்பரத்துக்குப் பெரிய தொகை ஒதுக்க இயலாத நிலையில் தொழிலை எவ்வாறு வளர்ப்பது?

பதில் 1: சகோதரி, கூகுளில் உங்கள் தொழிலைக் கட்டணமின்றிப் பதிவு செய்யுங்கள். முடித்த வேலையைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, வாட்ஸ்அப் பிசினஸ் பட்டியலில் விலையோடு இடுங்கள். ஏனெனில் விலை தெரியாத இடத்தில் பலர் விசாரிக்கவே தயங்குகிறார்கள்.

பதில் 2: ஆடியில் பயிற்சி வகுப்பு நடத்தலாம். ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்பதிவு செய்வோரிடம் பாதித் தொகையை முன்பணமாகப் பெறுங்கள். உறவினர் என்பதற்காகத் தளர்வு காட்டாதீர்கள், பெண்களின் உழைப்பை இலவசமாகக் கருதும் வழக்கம் நம்மிடம் இன்னும் நீங்கவில்லை.

பதில் 3: சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. சிறு தொழில் கடனுக்கான முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் கோரலாம்.