பாவநிவாரணபலியின் மாமிசம் "மகா பரிசுத்தம்" என்றால், பாவம் ஆட்டின்மேல் ஏறியது எப்படி?

வசனதியானி:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். வேதபாட வகுப்புக்கு லேவியராகமம் 4 முதல் 6 வரை எடுக்க வேண்டும். நாம் வழக்கமாகச் சொல்வது இதுதான்: பாவம் செய்தவன் ஆட்டின் தலைமேல் கை வைக்கிறான், பாவம் ஆட்டுக்கு மாறுகிறது, அவனுக்குப் பதிலாக ஆடு சாகிறது, சிலுவையும் அப்படியே. ஆனால் 6:25-29 அந்தப் பாவநிவாரணபலியின் (பாவம் நீங்கச் செலுத்தும் பலி) மாமிசத்தை மகா பரிசுத்தம் என்கிறது, ஆசாரியர் அதைச் சாப்பிட வேண்டும் என்கிறது. பாவம் சுமந்த மாமிசம் எப்படிப் பரிசுத்தமாகும்? இன்னொன்று, 5:11-ல் ஏழைக்கு வெறும் மாவு போதும். அதில் இரத்தம் ஏது?

கூடாரவாசல்:
பிரதர், இடறல் கை வைப்பதில்தான் இருக்கிறது. முழுவதும் எரிக்கப்படும் சர்வாங்கதகனபலிக்கும் (1:4) கை வைக்கிறார்கள், சமாதானபலிக்கும் (3:2) வைக்கிறார்கள். சமாதானபலி நன்றிக்கும் பொருத்தனைக்கும் செலுத்துவது, அங்கே மாற்ற வேண்டிய பாவமே இல்லை. ஆகவே அந்தக் கை "இது என் காணிக்கை" என்று சொல்கிறது என எடுப்பதே பொருத்தம். பாவங்கள் ஒரு மிருகத்தின் தலைமேல் சுமத்தப்படுகின்றன என்று வேதம் நேரடியாகச் சொல்வது ஒரே இடத்தில், 16:21. அங்கே இரண்டு கைகள், கூடவே அறிக்கை. அந்த ஆடு பலிபீடத்துக்கே போவதில்லை, உயிரோடு வனாந்தரத்துக்குப் போகிறது. அதைக் கொண்டுபோய் விட்டவன் உடை தோய்த்துக் குளித்த பிறகே பாளயத்துக்குள் வரலாம் (16:26).

வகுப்பில் இரத்தம் எங்கே போகிறது என்பதைப் பின்தொடருங்கள். சாதாரண ஜனத்தில் ஒருவன் என்றால் பெண் வெள்ளாடு அல்லது பெண் ஆட்டுக்குட்டி. வெட்டுவது கொண்டுவந்தவன், இரத்தத்தைக் கையாளுவது ஆசாரியன். விரலால் தகனபலிபீடத்தின் கொம்புகளில் பூசுகிறான், மீதியைப் பீடத்தின் அடியில் ஊற்றுகிறான், கொழுப்பை எரிக்கிறான், மாமிசத்தைச் சாப்பிடுகிறான். பாவம் செய்தது பிரதான ஆசாரியனோ முழுச் சபையோ என்றால் காளை. இரத்தம் உள்ளே போகிறது: திரைக்கு எதிரே ஏழுதரம் தெளிப்பு, தூபபீடத்தின் கொம்புகளில் பூச்சு. அப்போது மாமிசத்தை யாரும் தொட்டுச் சாப்பிடக்கூடாது, பாளயத்துக்குப் புறம்பே சுட்டெரிக்க வேண்டும் (4:12, 6:30). ஏழாம் மாதம் 10-ம் தேதி, பாவநிவிர்த்தி நாளில், இன்னும் உள்ளே, உடன்படிக்கைப் பெட்டியின் மூடியான கிருபாசனம் வரை. பாவம் எவ்வளவு பெரியதோ அவ்வளவு ஆழமாகப் பரிசுத்த ஸ்தலம் தீட்டுப்படுகிறது, இரத்தம் அதைத் துரத்திக்கொண்டு உள்ளே போய்ச் சுத்திகரிக்கிறது. பரிசுத்த ஸ்தலத்துக்கே பாவநிவிர்த்தி செய்யப்படுகிறது என்பதை 16:16 வெளிப்படையாகவே சொல்கிறது.

மாவுக்கு வருவோம்: எப்பா என்ற முகத்தலளவையில் பத்தில் ஒரு பங்கு, ஏறக்குறைய 2 லிட்டர். எண்ணெயும் தூபவர்க்கமும் கூடாது, போட்டால் அது போஜனபலியாகிவிடும் (சாதாரண மாவுக் காணிக்கை). எபிரெயர் 9:22-ஐ ஒப்பிக்கும்போது "கொஞ்சங்குறைய" என்ற சொல்லை நாம் விழுங்கிவிடுகிறோம். அந்தச் சொல் இந்த மாவுக்கும் இடம் விடுகிறது.

மெல்கிசேதேக்கு_வழி:
விளக்கம் அருமை சகோ, ஆனால் வகுப்பில் இதோடு நிறுத்தினால் பதிலாள் என்ற கருத்தே லேவியராகமத்தில் இல்லை என்று ஜனங்கள் நினைத்துவிடுவார்கள். 10:17-ஐப் பாருங்கள். ஆசாரியர் அந்த மாமிசத்தைப் புசிப்பது சபையின் அக்கிரமத்தைச் சுமந்துதீர்ப்பதற்கு என்று மோசே சொல்கிறார். மகா பரிசுத்தமும் அக்கிரமம் சுமப்பதும் ஒரே வசனத்தில்! 6:28-ல் அது வேகவைக்கப்பட்ட மண்பானை உடைக்கப்படுகிறது, செப்புப்பானை என்றால் விளக்கிக் கழுவப்படுகிறது. 17:11 உயிர் இரத்தத்தில் இருப்பதால் அது பாவநிவிர்த்தி செய்கிறது என்கிறது. அதோடு, "நம்மெல்லாருடைய அக்கிரமத்தையும் அவர்மேல் விழப்பண்ணினார்" என்று ஏசாயா 53 சொல்லும்போது 10-ம் வசனம் குறிப்பிடுவது குற்றநிவாரணபலியை. அது வேறு பலி: ஆட்டுக்கடா, மோசம் செய்த பொருளோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் திருப்பிக் கொடுத்தல். பதிலாள் போதனைக்கு உறுதியான அஸ்திபாரம் ஏசாயா 53-லும் 1 பேதுரு 2:24-லும் இருக்கிறது. லேவியராகமம் 4-ஐ அதற்காக இழுக்க வேண்டியதில்லை.

வசனதியானி:
நன்றி சகோதரர்களே. அப்படியானால் சிலுவையை எந்தப் பலியோடு இணைப்பது?

கூடாரவாசல்:
ஒன்றோடு மட்டும் கட்டாதீர்கள். 1 கொரிந்தியர் 5:7 பஸ்கா. அது பாவநிவாரணபலி அல்ல, வீட்டில் சாப்பிட்ட மீட்பின் பலி. மத்தேயு 26:28-ன் உடன்படிக்கை இரத்தம் யாத்திராகமம் 24:8-லிருந்து வருகிறது. அங்கே பாதி பீடத்தின்மேல், பாதி ஜனங்கள்மேல். எபிரெயர் 9 பாவநிவிர்த்தி நாள். எபிரெயர் 13:11-12 பாளயத்துக்குப் புறம்பே சுட்டெரிக்கப்பட்ட உடல்கள். போக்காட்டை, அதாவது 16:21-ல் வனாந்தரத்துக்குப் போன ஆட்டை, புதிய ஏற்பாடு பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. அந்த நாளின் இரண்டு ஆடுகளையும் (பலியானதும் அனுப்பப்பட்டதும்) கிறிஸ்துவுக்குப் பொருத்துவது அதற்கு வெளியே உள்ள பர்னபாவின் நிருபம்.

நேரம் மிஞ்சினால் எண்ணாகமம் 15:30-ஐ வாசியுங்கள். துணிகரமாய்ச் செய்த பாவத்துக்கு அங்கே பலியே சொல்லப்படவில்லை. அதற்குப் பக்கத்தில் அப்போஸ்தலர் 13:39-ஐ வைத்து, மோசேயின் நியாயப்பிரமாணத்தினால் விடுதலையாகக் கூடாதிருந்தவை எவை என்று வகுப்பிலேயே கேளுங்கள்.